சாவியைத் திருகினால் ‘டிக்’ மட்டும்தான்: சின்ன டிராக்டரில் எந்த சுவிட்ச் ஏமாற்றுகிறது?

புல்வெட்டி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம் அண்ணன்மாரே. சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறேன். புல்வெட்ட ஒரு சின்ன டிராக்டர் இருக்கிறது. ஜப்பான் வண்டி, மூன்று சிலிண்டர் டீசல், 25 குதிரைத்திறன், கியர் கிடையாது, மிதித்தால் போகும் ஹைட்ரோஸ்டாட்டிக் பெடல். அடியில் புல்வெட்டுகிற மோயர் தொங்குகிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, வண்டிமேல் தப்பா எங்கள்மேல் தப்பா என்று இன்னும் தெரியாது.

பிரச்சினை இதுதான். சாவியைத் திருகினால் ‘டிக்’ என்கிறது, செல்ஃப் எடுப்பதில்லை. நாலைந்து தடவை திருகினால் ஒருமுறை பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை, நடுவில் அணைவதும் இல்லை. காலையில் முதல் தடவை பெரும்பாலும் பிடித்துவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறினால்தான் மானம் போகிறது. முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

இதுவரை செய்தது: புது பேட்டரி போட்டாயிற்று. சீட்டுக்கு அடியில் இருக்கிற சுவிட்சும் புதிது, 45 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு பட்டறையில் கேட்டால் பார்க்காமலே செல்ஃப் மோட்டாரை மாற்று, 680 வெள்ளி ஆகும் என்கிறார்கள். எல்லா சுவிட்சையும் மீட்டரில் பீப் வைத்துப் பார்த்தேன், எல்லாம் கத்துகிறது. அப்புறம் எதுதான் போயிருக்கிறது?


மன்னார்குடிக்காரன் | ஞாயிறு, இரவு 9:31

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஊரில் எங்கள் வண்டியில் கிளட்ச் சுவிட்ச் இப்படித்தான் மக்கர் செய்தது. இரண்டு ஒயரையும் பிடுங்கி முறுக்கி டேப் சுற்றி டைரக்ட் கொடுத்துவிட்டோம். எட்டு வருடமாக ஓடுகிறது.


சுங்கை தெங்கா சிவா | ஞாயிறு, இரவு 10:05

பாடி எர்த் பாருங்கள் அண்ணே. பேட்டரி மைனஸ் சேசிஸில் சேருகிற போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். எங்கள் வண்டியில் அதுதான்.


பழைய டீசல் | திங்கள், காலை 6:20

இன்னொரு சாமானும் வாங்காதே தம்பி. பேட்டரி, சீட் சுவிட்ச், அடுத்து செல்ஃப். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் புது டிராக்டரே வாங்கியிருப்பாய்.

நீ சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது அணையவில்லை என்றாயே, அதனால் சீட் சுவிட்ச் நிரபராதி. இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் பாதுகாப்பு ஒயரிங் இரண்டு வழியாகப் போகும். ஒன்று ஸ்டார்ட் ஆவதற்கு: சாவி, பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியை மோயருக்குக் கொடுக்கிற தண்டு) லீவர் சுவிட்ச், பெடல் நியூட்ரல் சுவிட்ச் என்று வரிசையாகக் கோத்து செல்ஃபுக்குப் போவது. இன்னொன்று ஓடிக்கொண்டே இருப்பதற்கு: மோயர் சுற்றும்போது நீ சீட்டை விட்டு எழுந்தால் டீசலை நிறுத்துகிற சாலினாய்டை (கரண்ட் வந்தால் இழுக்கிற காந்தச் சுருள்) பிடிப்பது. சீட் சுவிட்ச் அனேகமாக இரண்டாவதில்தான் இருக்கும். அது கெட்டிருந்தால் மேடு பள்ளத்தில் குலுங்கும்போது வண்டி அணைந்து அணைந்து எரியும். உன் 45 வெள்ளி போனது போனதுதான்.

இப்போது மூன்று கேள்வி. ‘டிக்’ எங்கிருந்து வருகிறது? டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து சன்னமாகவா, இல்லை கீழே செல்ஃப் பக்கம் ‘டக்’ என்று கனமாகவா? திருகும்போது டேஷ்போர்டு விளக்கு மங்குகிறதா? தினமும் வண்டியை எதால் கழுவுகிறாய்?


புல்வெட்டி | செவ்வாய், இரவு 8:47

ஐயா, நேற்று மழை, இன்றுதான் பார்க்க முடிந்தது. நண்பனை ஏற்றித் திருகச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துக் கேட்டேன். சத்தம் செல்ஃபில்தான், ஆனால் கனமாக இல்லை. யாரோ விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6, சாவியைத் திருகி டிக் என்னும்போது 12.4.

கழுவுவது வாட்டர் ஜெட். தினமும் சாயங்காலம். மண் ஒட்டினால் முதலாளிக்குப் பிடிக்காது.


பழைய டீசல் | செவ்வாய், இரவு 9:02

வாட்டர் ஜெட். சரி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

விளக்கு மங்கவில்லை, பேட்டரியும் 12.4-இல் நிற்கிறது என்றால் செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்ட் போகவே இல்லை. மோட்டார் இறுகியிருந்தாலோ எர்த் போயிருந்தாலோ இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும், சிவா கோபித்துக்கொள்ளக் கூடாது. செல்ஃபின் மேல் உட்கார்ந்திருக்கிற சாலினாய்டுக்குப் போகிற மெல்லிய ஒயரில்தான் வலு இல்லை. அதற்குக் கொஞ்சம் கரண்ட் வருகிறது, அதனால் நகத்தால் தட்டுகிறது. போதுமான அளவு வரவில்லை, அதனால் உள்ளே இழுத்துப் பிடிக்க முடியவில்லை. மதியம் மோசமாவதற்கும் காரணம் அதுவே. இன்ஜின் சூட்டில் சாலினாய்டு காயிலின் தடை ஏறும், இழுக்கும் பலம் இன்னும் குறையும்.


மீட்டர் மாலா | செவ்வாய், இரவு 9:40

புல்வெட்டி அண்ணா, பீப் சத்தத்தை நம்பி யாரும் சுவிட்சுக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது. கையடக்க மீட்டர் பலவும் 30, 50 ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். மீட்டர் அதற்காக அனுப்புகிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். சாலினாய்டு இழுக்கிறதோ பத்து ஆம்பியருக்கு மேல். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போனதைப் பார்த்துவிட்டு லோரியும் போகும் என்று சொல்வது போல.

கணக்கு போட்டுப் பாருங்கள். சுவிட்சில் வெறும் 0.35 ஓம் தடை. பத்து ஆம்பியர் ஓடினால் 3.5 வோல்ட் அங்கேயே காலி. ஆனால் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். ஆக ஓம் வைத்துப் பார்த்தால் அந்தத் தடை கண்ணுக்கே தெரியாது. கரண்ட் ஓடவிட்டு வோல்ட் எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.


பழைய டீசல் | செவ்வாய், இரவு 10:15

பொண்ணு சரியாகச் சொன்னது. செய்ய வேண்டியதை எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

பி.டி.ஓ. லீவரைக் கீழே அணைத்த நிலையில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. மோதிரம், காப்பு, கடிகாரம் கழற்று. செல்ஃபில் தடித்த ஒயர் ஒன்று பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. அதில் ஃபியூஸ் இல்லை, ஸ்பானர் பட்டால் வெல்டிங்தான். உனக்கு வேண்டியது அதன் பக்கத்தில் செருகியிருக்கிற மெல்லிய ஒயர். மீட்டரின் கறுப்பை பேட்டரி மைனஸிலும் சிவப்பை மெல்லிய ஒயரிலும் வைத்து, நண்பனைத் திருகச் சொல். டிக் என்று மட்டும் சொல்லும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார். 11-க்கு மேல் வந்தும் இழுக்கவில்லை என்றால் சாலினாய்டு. குறைவாக வந்தால் பாதையில் எங்கேயோ திருட்டு.

திருடனைப் பிடிக்க ஒவ்வொரு சுவிட்சாகப் பார்க்க வேண்டும். அத்தனை நேரம் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் சாலினாய்டு வெந்துவிடும், நடுவில் வண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஆபத்து. அதனால் அந்த மெல்லிய ஒயரைச் சாலினாய்டிலிருந்து உருவிவிடு. பழைய கார் ஹெட்லைட் பல்பு, எச்4 என்பார்கள், ஒன்று எடுத்து அதன் இரண்டு இழைகளையும் சேர்த்துக் கட்டி, ஒரு முனையை அந்த ஒயரிலும் இன்னொன்றை எர்த்திலும் கொடு. 55-ம் 60-ம் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இன்ஜின் சுற்றாது, நீ நிதானமாக அளக்கலாம். பல்பு பயங்கரமாகச் சுடும், எங்கே வைக்கிறாய் என்று பார்த்து வை.


புல்வெட்டி | வியாழன், இரவு 9:20

செய்துவிட்டேன் ஐயா. பல்பைப் பார்த்து வைக்கச் சொன்னீர்கள், நான் பார்க்காமல் மழைக்கோட்டின்மேல் வைத்து அதில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை.

டிக் என்னும்போது மெல்லிய ஒயரில் 8.1.

அப்புறம் பல்பைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பார்த்தேன். பேட்டரி 12.4. பல்பு முனையில் 8.9. ஆக நடுவில் 3.5 வோல்ட் காணோம். சாவிக்கு உள்ளே போவதும் வெளியே வருவதும் வைத்துப் பார்த்தால் 0.2. பெடல் சுவிட்ச் 0.2. ஃபியூஸும் நீள ஒயரும் சேர்ந்து 0.4. பி.டி.ஓ. லீவர் சுவிட்சில் வைத்தேன். 2.7!

வலது சக்கர மட்கார்டுக்கு அடியில், லீவரின் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த சுவிட்ச். கட்டைவிரல் அளவுதான். நடுவில் ஒரு பித்தான், லீவரை அணைத்த நிலைக்குக் கொண்டுவந்தால் ஒரு தகடு வந்து அதை அமுக்குகிறது.


மன்னார்குடிக்காரன் | வியாழன், இரவு 9:33

அதான் அகப்பட்டுவிட்டதே. இரண்டு ஒயரையும் முறுக்கு. வெள்ளி மிச்சம்.


பழைய டீசல் | வியாழன், இரவு 9:50

மன்னார்குடி, உன்னைக் கேட்கிறேன். பி.டி.ஓ. தண்டு பின்னாடி எத்தனை வேகத்தில் சுற்றும் தெரியுமா? நிமிடத்துக்கு 540. வினாடிக்கு ஒன்பது சுற்று. மோயர் பிளேடு அதைவிடப் பல மடங்கு வேகம். அந்த சுவிட்ச் எதற்கு இருக்கிறது? லீவர் போட்ட நிலையில் இருந்தால் சாவி திருகினாலும் வண்டி எடுக்கக் கூடாது என்பதற்கு. ஒருவன் மோயருக்கு அடியில் ஒட்டிய புல்லைக் கையால் சுரண்டிக்கொண்டிருப்பான், இன்னொருவன் தெரியாமல் ஏறித் திருகுவான்.

நான் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வின்ச்சில் (கயிறு சுற்றிப் பாரம் இழுக்கிற இயந்திரம்), எல்லை வந்ததும் நிறுத்துகிற லிமிட் சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், “இன்றைக்கு ஒரு நாள் மட்டும்” என்று. அந்த ஒரு நாள் ஏழு மாதம் நீடித்தது. எட்டாவது மாதம் கயிறு தெறித்தது. நின்றவர் இரண்டடி தள்ளி நின்றதால் நான் இதைச் சாதாரணமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இங்கே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-லிருந்து இருக்கிறது. பாதுகாப்புக்கு என்று வைத்ததை வேண்டுமென்றே கெடுத்தால் முதலாளியோடு போகாது, செய்தவன் தலையிலும் விழும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கிற பையனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காதே.


மன்னார்குடிக்காரன் | வியாழன், இரவு 10:02

கோபப்படாதீர்கள் ஐயா. ஊர்ப் பழக்கத்தில் சொன்னேன்.


சுங்கை தெங்கா சிவா | வியாழன், இரவு 10:20

இன்னொரு பழக்கமும் உண்டு, தரையில் நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் இரண்டு போல்ட்டையும் தொட்டு ஸ்டார்ட் செய்வது. எங்கள் இடத்தில் ஒருவர் அப்படிச் செய்தார். பெடல் சரியாக நடுவுக்கு வராமல் இருந்திருக்கிறது, வண்டி பின்னாடி நகர்ந்தது. அவர் நின்ற இடம் பெரிய சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில். சுவர் தகரச் சுவராக இருந்ததால் வளைந்து கொடுத்தது.


இழை காப்பாளர் | வெள்ளி, காலை 7:45

டைரக்ட் கொடுக்கும் முறைகளை விளக்கி இனி யாரும் எழுத வேண்டாம். புல்வெட்டி, படம் போடுவதென்றால் சின்னதாக்கிப் போடவும், ஒவ்வொன்றும் 8 எம்பி இருக்கிறது.


புல்வெட்டி | ஞாயிறு, மாலை 6:55

இன்று விடுமுறை. 975 பஸ் பிடித்து வெளியே வந்து, டெக்காவில் சாப்பிட்டுவிட்டு, ஜாலான் புசார் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் பழைய சுவிட்சைக் காட்டினேன். கடைக்கார அங்கிள் ஒரு டப்பாவைக் கொட்டி அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று எடுத்துக் கொடுத்தார், 12 வெள்ளி. அதே மரை, அதே பித்தான், அதே இரண்டு முள். பண்ணைக்குத் திரும்பி மாட்டினேன்.

இப்போது டிக் சத்தமும் இல்லை. ஒன்றுமே இல்லை. லீவரை ஆட்டி ஆட்டித் திருகிப் பார்த்தேன், திடீரென்று ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் மோயரும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிட்டது! உயிரே போய்விட்டது. லீவரை மேலே போட்ட நிலையில்தான் எடுக்கிறது, கீழே போட்டால் எடுப்பதில்லை.


மீட்டர் மாலா | ஞாயிறு, இரவு 7:03

அண்ணா, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். வண்டியில் வேறு யாரும் ஏறக் கூடாது. பேட்டரி மைனஸையும் கழற்றிவிடுங்கள். அப்புறம் பேசலாம்.


பழைய டீசல் | ஞாயிறு, இரவு 7:30

நல்லவேளை, யாரும் அடியில் இல்லை.

நடந்தது என்ன என்றால், பித்தான் சுவிட்சில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சும்மா இருக்கும்போது திறந்திருக்கும், அமுக்கினால் சேரும். நார்மலி ஓப்பன். இன்னொன்று சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், அமுக்கினால் பிரியும். நார்மலி குளோஸ்டு. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உன் வண்டியில் லீவர் அணைந்திருக்கும்போது தகடு பித்தானை அமுக்குகிறது, அப்போதுதான் கரண்ட் போக வேண்டும். ஆக உனக்கு வேண்டியது முதல் ஜாதி. கடையில் கொடுத்தது இரண்டாவது. காவல்காரன் கட்சி மாறிவிட்டான்: பத்திரமான நிலையில் தடுக்கிறான், ஆபத்தான நிலையில் கதவைத் திறந்து விடுகிறான்.

பித்தானின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. கம்பெனிக்கு கம்பெனி நிறம் மாறும், நம்பாதே. கடையிலேயே மீட்டரை வைத்து அமுக்கிப் பார்த்து வாங்கு. பீப் நிலை அதற்குத்தான் லாயக்கு.


மீட்டர் மாலா | ஞாயிறு, இரவு 7:41

பீப் நிலைக்கும் ஒரு வேலை கிடைத்தது, சந்தோஷம். நான்கு முள் வைத்த சுவிட்சும் வரும், அதில் இரண்டு ஜாதியும் ஒரே உடம்பில் இருக்கும். அது வந்தால் எந்த ஜோடியில் ஒயர் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு இன்னொன்றும் பார்க்க வேண்டும். தகடு பித்தானைப் பாதி மட்டும் அமுக்கினால் உள்ளே கான்டாக்ட் அரைகுறையாகச் சேரும், தீய்ந்துபோகும். முழுக்க அமுக்கி அதற்கு மேலும் நெருக்கினால் சுவிட்ச் உடம்பே உடையும். மரையில் ஒரு வாஷர் போடுவதா எடுப்பதா என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள்.


புல்வெட்டி | அடுத்த ஞாயிறு, இரவு 8:10

கடைக்கார அங்கிள் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். பணம் கேட்கவில்லை. இந்தத் தடவை அவர் முன்னாலேயே மீட்டரை வைத்து அமுக்கிப் பார்த்தேன், அமுக்கினால் பீப், விட்டால் மௌனம்.

மாட்டிவிட்டேன். லீவரை மேலே போட்டுத் திருகினேன், எடுக்கவில்லை. கீழே போட்டுத் திருகினேன், எடுத்தது. மூன்று மூன்று தடவை செய்து பார்த்தேன். மனசு லேசாகிவிட்டது.

ஆனால் பல்பைக் கட்டி மறுபடி அளந்தால் சுவிட்சில் இன்னும் 1.5 வோல்ட் விழுகிறது. பல்பு முனையில் 10.0. புது சுவிட்சுமா கெட்டது?


சுங்கை தெங்கா சிவா | அடுத்த ஞாயிறு, இரவு 8:24

போலி சரக்காக இருக்கும். அங்கிளிடம் திருப்பிக் கொடுங்கள்.


மீட்டர் மாலா | அடுத்த ஞாயிறு, இரவு 8:36

பாவம் அங்கிள். அண்ணா, மீட்டர் முனையை எங்கே குத்தினீர்கள்? சுவிட்சின் முள்ளிலா, கப்ளருக்கு (ஒயர் நுனியில் சுவிட்சோடு செருகுகிற இணைப்பு) பின்னாலிருந்து ஒயரிலா?


புல்வெட்டி | அடுத்த ஞாயிறு, இரவு 8:44

கப்ளருக்குப் பின்னால், ஒயர் நுழைகிற ஓட்டை வழியாக. முள் உள்ளே மறைந்துவிடுகிறதே.


மீட்டர் மாலா | அடுத்த ஞாயிறு, இரவு 8:51

அப்படியானால் நீங்கள் அளந்தது சுவிட்சை மட்டும் இல்லை. ஒயரிலிருந்து கப்ளரின் தகடு, தகட்டிலிருந்து முள், சுவிட்ச், மறுபடி முள், தகடு, ஒயர். ஐந்து இடம். அதில் சுவிட்ச் ஒன்றே ஒன்று. பழையதில் 2.7 விழுந்தது, புதியதில் 1.5. பழைய சுவிட்ச் தின்றது 1.2 என்று வையுங்கள், மிச்சத்தைத் தின்றது கப்ளர். வாட்டர் ஜெட் பற்றி ஐயா கேட்டார், ஞாபகம் இருக்கிறதா?


புல்வெட்டி | திங்கள், இரவு 9:30

ஐயோ அக்கா.

கப்ளரைக் கழற்றி ஃபோன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். வெளியே ரப்பர் உறை புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. உள்ளே ஒரு தகடு பித்தளை நிறத்தில் நன்றாக இருக்கிறது. இன்னொன்றைக் காணவே இல்லை, பச்சைப் பொடிதான் இருக்கிறது. காய்ந்த பாகற்காயை இடித்து அடைத்த மாதிரி. ஊசியால் தோண்டினால் உதிர்ந்தது. எங்கள் பாட்டி பித்தளைக் குடத்தில் இதைக் கண்டால் களிம்பு ஏறிவிட்டது என்று புளி போட்டுத் தேய்ப்பார்.

ஒயரையும் அரை அங்குலம் சீவிப் பார்த்தேன். உள்ளே செம்பு இல்லை, கறுப்பு. இன்னும் ஒரு அங்குலம் சீவினேன், அப்போதும் கறுப்பு. நாலு அங்குலம் தள்ளித்தான் செம்பு செம்பாக வந்தது.


பழைய டீசல் | செவ்வாய், காலை 6:10

அதுதான். தண்ணீர் ரப்பர் உறைக்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. பிளாஸ்டிக் தோலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஏறிக்கொண்டே போகும், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. நம் ஊர் காற்றில் விடிகாலை ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல், காய்வது எங்கே? உறை தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைக்கிறோம், அது தேக்கிக்கொண்டிருக்கிறது.

புளியெல்லாம் போட்டுத் தேய்க்காதே, அமிலம் மிச்சம் நின்று அடுத்த மழைக்குத் தின்னும். வெட்டி எறி. நல்ல செம்பு வருகிற இடத்தில் புது ஒயர் சேர்த்து, ஒட்டுப்போட்ட இடத்தில் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்குகிற குழாய்) ஏற்று. புதுத் தகடு போட்டு சரியான கிரிம்பர் வைத்து நசுக்கு. கட்டிங் பிளேயரால் நசுக்குவது நசுக்குவதே இல்லை. கப்ளரும் தகடும் ஷ்ரிங்க்கும் சிம் லிம் டவரில் கிடைக்கும், ரோச்சோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கம். சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ். அது கரண்டைக் கடத்தாது, ஆனால் தகடு உரசிச் சேரும் இடத்தில் விலகிக்கொடுக்கும், மற்ற இடத்தில் தண்ணீரை விடாது.


மன்னார்குடிக்காரன் | செவ்வாய், காலை 6:32

வாசலின் போடலாமா?


பழைய டீசல் | செவ்வாய், காலை 6:40

பேட்டரி டெர்மினலுக்குப் போடு. இன்ஜின் பக்கம் சூட்டில் உருகி ஓடிவிடும்.

இன்னொரு யோசனை சொல்கிறேன். சாலினாய்டு இழுக்கிற பத்துப் பதினைந்து ஆம்பியரும் இந்தக் குட்டி சுவிட்சுகள் வழியாகவே ஓடுவதுதான் பழைய சுவிட்ச் தீய்ந்ததற்குக் காரணம். நடுவில் ஒரு 12 வோல்ட் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச்) வைத்தால் சுவிட்சுகள் வழியாக 0.15 ஆம்பியர்தான் போகும். ரிலேயில் எழுதியிருக்கிற எண்கள் ஜெர்மானியத் தர அளவில் வந்தவை, எங்கே வாங்கினாலும் பெரும்பாலும் அதேதான். 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு ஒயர். 87-லிருந்து சாலினாய்டுக்கு. இப்போது சாலினாய்டுக்கு வருகிற மெல்லிய ஒயர் 86-க்கு. 85 எர்த். பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாம் 86-க்கு முன்னால் அப்படியே இருக்கும், எதையும் தாண்டிப்போவதில்லை.


மீட்டர் மாலா | செவ்வாய், காலை 8:15

ஐயா, இதில் மட்டும் உங்களோடு சண்டை. கான்டாக்ட் சுத்தமாக இருப்பதற்குக் கொஞ்சம் கரண்டும் வேண்டும். பத்து ஆம்பியர் ஓட்டுவதற்கென்று செய்த கான்டாக்டில் வெறும் 0.15 மட்டும் ஓடினால், மேலே படிகிற மெல்லிய ஆக்சைடை எரித்துப் போக்க அதற்குச் சக்தி போதாது. இந்தக் காற்றில் இரண்டு வருடம் கழித்து வேறு விதமாக மக்கர் செய்யும். அப்போது டிக் கூட இருக்காது, மௌனம்தான்.


பழைய டீசல் | செவ்வாய், காலை 8:50

படித்த பிள்ளை. சரி, ஒப்புக்கொள்கிறேன், முழுதாக இல்லை. ரிலே காயிலுக்கு இணையாக ஒரு 10 வாட் பல்பு கட்டினால் சுவிட்ச் வழியாக ஓர் ஆம்பியருக்குப் பக்கத்தில் ஓடும், தீயவும் தீயாது, பாசியும் பிடிக்காது. நாங்கள் பழைய நாளில் அப்படித்தான் செய்தோம். ஏன் செய்தோம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.


புல்வெட்டி | ஞாயிறு, இரவு 7:18

எல்லாம் முடிந்தது. கப்ளர், தகடு, ஷ்ரிங்க், கிரீஸ் சேர்த்து 9 வெள்ளி. கிரிம்பர் விடுதியில் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிற ஒருவரிடம் கடன் வாங்கினேன்.

பல்பைக் கட்டி அளந்தால் சுவிட்சும் கப்ளரும் சேர்ந்து 0.1. பல்பு முனையில் 11.3. மதியம் வெயிலில் ஓட்டி நிறுத்தி, பத்து தடவை அணைத்து அணைத்துத் திருகினேன். பத்து தடவையும் பிடித்தது. லீவர் மேலே இருக்கும்போது பத்து தடவையும் எடுக்கவில்லை, அதையும் எண்ணிவிட்டேன்.

ஆசைக்காகப் பழைய சுவிட்சை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், வட்டத் தகடு ஒன்று, பொட்டு மாதிரி இரண்டு கான்டாக்ட். ஒரு பொட்டு கறுத்து நடுவில் குழி விழுந்திருக்கிறது. மற்றது அப்படியே இருக்கிறது.

பெடல் சுவிட்சின் கப்ளரையும் திறந்து பார்த்தேன், பச்சை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வாரம் அதையும் மாற்றிவிடுவேன். ரிலே பற்றி முதலாளியிடம் சொன்னேன். “ஓடுகிறதே, விடு” என்றார். வாட்டர் ஜெட்டை மட்டும் மட்கார்டுக்கு அடியில் காட்டக் கூடாது என்று சொன்னதற்கு, அப்போது மண் எப்படிப் போகும் என்று கேட்டார். வாளியும் துணியும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.


சுங்கை தெங்கா சிவா | ஞாயிறு, இரவு 7:40

680 வெள்ளி எங்கே, 21 வெள்ளி எங்கே. எங்கள் வண்டி கப்ளரையும் நாளைக்குத் திறக்கிறேன்.


புல்வெட்டி | ஞாயிறு, இரவு 7:44

45-ஐ விட்டுவிட்டீர்கள் அண்ணே. சீட் சுவிட்ச்.


மன்னார்குடிக்காரன் | ஞாயிறு, இரவு 11:05

பழைய டீசல் ஐயா, ஒரு சந்தேகம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அப்பாதான் இப்போது வண்டியை ஓட்டுகிறார், வயது 66. அந்தக் கிளட்ச் சுவிட்ச், நாங்கள் முறுக்கிவிட்டது. இங்கேயிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும். எந்த ஜாதி வாங்குவது?


பழைய டீசல் | திங்கள், காலை 6:05

பெடலை மிதிக்கும்போது பித்தான் அமுங்குகிறதா, விடுபடுகிறதா? அப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல். சின்னதாக்கிப் போடு.